துணி அறையில் வியாழக்கிழமை

விழித்தேனா இல்லையா என்று எனக்கே தெரியாத நேரத்தில் என் மூக்கின் மேல் கண்ணாடி வந்து உட்கார்ந்தது. அதுவரை கட்டில் ஓரம் ஆடிக்கொண்டிருந்த வெள்ளைப் பூதம் ஒரு நர்ஸ் பெண்ணாக மாறிச் சிரித்தது.

"பாட்டி, நல்லா தெரியுதா?"

"பாட்டியா? யாருக்குப் பாட்டி? என் பேரன்கூட என்னை அப்படிக் கூப்பிட யோசிப்பான்."

"சரிம்மா, சரிம்மா. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. படுத்துக்கங்க."

குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டவள் நான். ஈரத்தரையில் பார்த்து நடங்க என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த வாய் இது. கொண்டுவந்து சேர்த்ததும் நான் தலைமை நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற அதே ஆஸ்பத்திரியில், அதே மேற்கு வார்டில். சுவருக்குப் புது வண்ணம் அடித்திருந்தார்கள். ஜன்னல் கொக்கி மட்டும் அன்று போலவே சரியாக மாட்டாமல் காற்றில் தட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "ஏம்மா, தண்ணி குடுக்கல, ஊசி போடல, முதல் வேலையா கண்ணாடியை மாட்டி விட்டியே, ஏன்?"

"இங்க எப்பவும் இப்படித்தான்மா" என்றாள் அவள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எப்பவும் இப்படித்தானா? இந்த வார்த்தையைச் சொன்னா என்ன தண்டனை தெரியுமா? எல்லார் டீக் கப்பையும் கழுவணும்!"

அவள் திருதிருவென்று விழித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "மயக்க மருந்து இன்னும் தெளியல போல. தப்பா எடுத்துக்காதீங்க சிஸ்டர்." எனக்கு எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. அந்தப் பெண் போன பிறகு நான் கண்ணாடியைக் கழற்றாமலேயே கண்ணை மூடிக்கொண்டேன். வெந்நீரில் வெளுத்து இஸ்திரி போட்ட படுக்கை விரிப்பின் வாசம் மூக்கில் ஏறியது. அந்த வாசம் வந்தால் எனக்கு ஒரே ஒருத்தி ஞாபகம்தான்.

அவளை நாங்கள் எங்களுக்குள் 'ஏன் டாக்டர்' என்று கூப்பிடுவோம். நேரில் டாக்டர், வாங்க, போங்க. மனசுக்குள் மட்டும் எனக்கு எப்போதும் 'அவள்'தான். என்னைவிட வயதில் நன்றாகவே சின்னவள், தலைமுடியைத் தூக்கிப் பேனாவால் குத்தி வைத்துக்கொள்வாள், பிறகு பேனாவைக் காணோம் என்று வார்டு முழுக்கத் தேடுவாள். எங்கள் ஆஸ்பத்திரி சின்னது. பிரசவம், எலும்பு முறிவு, காய்ச்சல், வயிற்று வலி. அதற்கு மேல் என்றால் வண்டியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவோம். அங்கிருந்து அவள் இங்கே வந்தாள். எல்லாரும் அந்தப் பக்கம் போக ஆசைப்பட்டபோது இவள் மட்டும் எதிர்த்திசையில் வந்தது எங்களுக்கு விசித்திரமாக இருந்தது.

வந்த மறுநாளே என்னிடம் மாட்டினாள். அல்லது நான் அவளிடம் மாட்டினேன்.

"அக்கா, எல்லாருக்கும் விடிஞ்சும் விடியாமலும் எழுப்பி ரத்தம் எடுக்கறீங்களே, ஏன்?"

"எப்பவும் இப்படித்தான் டாக்டர்."

"அது சரி, ஏன்?"

யோசித்துப் பார்த்தேன். எரிச்சல்தான் வந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் ஞாபகம் வந்தது. எங்களுக்கென்று சொந்தமாகச் சோதனைக் கூடம் இல்லாத காலத்தில், ரத்தக் குழாய்களை ஏற்றிக்கொண்டு போகும் வண்டி அதிகாலையில் கிளம்பும். சோதனைக் கூடம் வந்தது, வண்டி நின்றது, நாங்கள் மட்டும் போகாத வண்டிக்காக நோயாளிகளை எழுப்பிக்கொண்டே இருந்தோம். அடக் கடவுளே, எத்தனை பேர் தூக்கத்தைக் கெடுத்திருப்போம்! அவளிடம் சொன்னபோது அவள் கிண்டல் செய்யவில்லை. "இந்த மாதிரி இன்னும் எத்தனை இருக்கோ, தேடலாமாக்கா?" என்று ஆசையாகக் கேட்டாள்.

அப்படித்தான் வியாழக்கிழமை தொடங்கியது. இடம், துணி அறை. நாற்காலி கிடையாது. விரிப்பு மூட்டைகள் மேல் உட்கார்ந்துகொள்வோம். ஒரு மின்சாரக் கெட்டில், ஒன்றோடொன்று பொருந்தாத கப்புகள். வருகிறவர்கள் ஆளுக்கொரு கேள்வி கொண்டுவர வேண்டும். டாக்டர், நர்ஸ், மருந்துக் கடைக்காரர், தரை துடைக்கிறவர், யாராக இருந்தாலும் சரி. 'எப்பவும் இப்படித்தான்' என்று யார் வாய் தவறிச் சொன்னாலும் அன்றைக்கு எல்லாக் கப்பையும் அவர்தான் கழுவ வேண்டும். அதிகம் கழுவியது நான்தான், அதில் ஒன்றும் ஒளிவு மறைவு இல்லை. என் வாய் சும்மா இருக்கிற வாயா?

என்ன கேள்விகள் வந்தன என்று நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. காத்திருப்பவர்களுக்கான பெஞ்சை ஏன் சுவரைப் பார்த்துப் போட்டிருக்கிறோம்? மருந்துச் சீட்டில் ஏன் யாருக்கும் புரியாத கையெழுத்து? பிரசவ வார்டில் அழாத அப்பாக்களை வெளியே நிறுத்திவிட்டு அழுகிற அப்பாக்களை மட்டும் ஏன் உள்ளே விடுகிறோம்? சில கேள்விகளுக்கு அங்கேயே பதில் கிடைத்தது. சிலவற்றுக்குப் புத்தகத்தில் கிடைத்தது. புத்தகத்திலும் இல்லாத கேள்வி வந்தால் அவள் முகம் அப்படியே மலரும். "அப்போ இதை நாமதான் கண்டுபிடிக்கணும்" என்பாள். எங்களுக்கும் ஒரு மாதிரி நெஞ்சு நிமிரும்.

அறுவைச் சிகிச்சை செய்யும் பெரிய டாக்டருக்கு இது பிடிக்கவில்லை. "கண்டுபிடிக்கறதுக்குப் பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. அவங்க கண்டுபிடிச்சதை நாம படிச்சுத் தெரிஞ்சுக்கலாம். நமக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?"

"அங்க வர்ற நோயாளிங்க வேற, நம்மகிட்ட வர்றவங்க வேற சார்" என்றாள் அவள். "நம்ம ஆளுங்களைப் பத்தி நாம கேக்கலன்னா வேற யாரு கேப்பாங்க?"

விவகாரம் மேனேஜரிடம் போனது. மேனேஜர் கெட்டவர் இல்லை, ஆனால் எங்கே ஒரு அறை காலியாக இருந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது. ஒரு வருஷம் கெடு வைத்தார். வருஷக் கடைசியில் நிர்வாகக் குழு கூடும்போது, இந்த ஆஸ்பத்திரியே கேட்டு, இந்த ஆஸ்பத்திரியே கண்டுபிடித்த பதில் ஒன்றாவது வேண்டும். இருந்தால் வியாழக்கிழமை நிரந்தரம், அறையும் எங்களுக்கு. இல்லாவிட்டால் கெட்டிலை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

எந்தக் கேள்வியை எடுப்பது என்பதை முடிவு செய்தவர் ஒரு பஸ் டிரைவர். ஓய்வு பெற்றவர், இடுப்பு எலும்பு முறிந்து வந்தவர். ஆபரேஷன் முடிந்து எழுந்ததும் கட்டிலை பஸ் என்று நினைத்துக்கொண்டார். "எல்லாரும் கம்பியைப் பிடிச்சுக்கங்க, வளைவு வருது!" என்று கத்தினார். வார்டே சிரித்தது. அவர் மனைவி மட்டும் முந்தானையை வாயில் வைத்து அழுதுகொண்டிருந்தாள். வயதானவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு இப்படிக் குழப்பம் வருவது உண்டு. சிலருக்குச் சீக்கிரம் தெளியும், சிலருக்குத் தெளியாமலேயே போய்விடும்.

ஏன் டாக்டர் அவர் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு மெதுவாகக் கேட்டாள். "அக்கா, இவர் கண்ணாடி போடறவரா?"

"ஆமா. தடிமனான கண்ணாடி. அலமாரியில பூட்டி வெச்சிருக்கு."

"ஏன்?"

நான் வாயைத் திறந்தேன், கப்புகள் ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன். ஆபரேஷனுக்கு வருகிறவர்களின் கண்ணாடியை வாங்கி, பிளாஸ்திரியில் கட்டில் எண் எழுதி ஒட்டி, அலமாரியில் பூட்டி, மூன்றாம் நாள் திருப்பிக் கொடுப்பது எங்கள் வழக்கம். என்றைக்கோ யாருடைய கண்ணாடியோ விரிப்போடு சுருண்டு சலவைக்குப் போய் நொறுங்கி, அவர்கள் வீட்டார் வந்து சண்டை போட்டதால் வந்த வழக்கம் அது. சாவி என் இடுப்பில். நான் பெருமையாகச் சொருகிக்கொண்டு திரிந்த சாவி.

"பாக்கறதெல்லாம் மங்கலா இருந்தா, கட்டில் பஸ்ஸாதானே தெரியும்?" என்றாள் அவள்.

அதுதான் எங்கள் கேள்வி. கிழக்கு வார்டில் எழுந்த உடனே கண்ணாடி. மேற்கு வார்டில் பழையபடி மூன்றாம் நாள். யாருக்கு எந்த வார்டு என்பதைச் சீட்டு எடுத்துத் தீர்மானிப்போம். வீட்டாரிடம் எல்லாம் விளக்கிச் சம்மதம் வாங்கினோம், வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். தினமும் காலையில் ஒவ்வொருவரிடமும் அதே கேள்விகள். இது எந்த இடம், இன்றைக்கு என்ன கிழமை, மாதங்களைக் கடைசியிலிருந்து தலைகீழாகச் சொல்லுங்கள். "நேரா சொல்றதே நமக்குத் தகராறும்மா" என்றார் ஒரு தாத்தா. ஓய்வு பெற்ற டீச்சர் ஒருத்தி பக்கத்துக் கட்டில்காரிக்கு விடை சொல்லிக் கொடுத்துக் கையும் களவுமாக மாட்டினாள். "ஃபெயிலாயிடுவாளோன்னு பாவமா இருந்தது" என்றாள்.

என் பொறுப்பு கிழக்கு வார்டு. மேற்கு வார்டுக்கு 'மைக் சிஸ்டர்', அலமாரிச் சாவியையும் அந்த வருஷம் அவளிடமே கொடுத்திருந்தேன். அவள் ரகசியம் பேசினால் தெருவில் கேட்கும், அதனால் அந்தப் பெயர். தங்கமான மனசு, அழுகிற குழந்தையைக் கண்டால் தானும் அழுவாள்.

அந்த வருஷம் போல இன்னொரு வருஷம் என் வேலைக் காலத்தில் வரவே இல்லை. முன்பெல்லாம் வேலை முடிந்தால் எப்போது வீட்டுக்குப் போவோம் என்று கடிகாரத்தைப் பார்ப்பவள் நான். அந்த வருஷம் வீட்டில் சமைத்துக்கொண்டே, நாளைக்கு ஆறாம் கட்டில் அம்மா கிழமையைச் சரியாகச் சொல்லுவாளா என்று நினைத்துக்கொண்டிருப்பேன். என் வீட்டுக்காரர், "ஆஸ்பத்திரியை வீட்டுக்கே தூக்கிட்டு வந்துட்டியா?" என்று கேலி செய்வார். என் வார்டில் ஆட்கள் தெளிவாக எழுந்தார்கள். என் கண்ணால் பார்த்தேன். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

குழுக் கூட்டத்துக்குச் சில வாரம் முன்பு ஒரு மத்தியானம் துணி அறைக்குப் போனேன். ஏன் டாக்டர் மூட்டை மேல் உட்கார்ந்து காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"வித்தியாசமே இல்லக்கா. ரெண்டு வார்டும் ஒண்ணுபோல இருக்கு. கண்ணாடிக்கும் குழப்பத்துக்கும் சம்பந்தமே இல்ல. நான்தான் தேவையில்லாம உங்க எல்லாரையும் அலைய விட்டுட்டேன்."

"இருக்காது டாக்டர். நான் கண்ணால பார்த்தேன்."

"நம்ம ஆசைப்பட்டதைத்தான் நம்ம கண்ணு பார்க்கும். அதனாலதான் எண்ணிப் பார்க்கறோம்."

எனக்கு மனசு கேட்கவில்லை. நேரே மேற்கு வார்டுக்கு நடந்தேன். என் செருப்புச் சத்தம் வராந்தாவின் அந்தக் கோடிக்கே கேட்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். அன்றைக்கு வார் அறுந்திருந்ததால் ஆபரேஷன் தியேட்டரின் ரப்பர் செருப்பைப் போட்டிருந்தேன். அந்த ஒரு சந்தர்ப்பம்தான் எல்லாவற்றையும் வெட்ட வெளிச்சமாக்கியது.

கதவைத் தள்ளினேன். ஒரு அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு செய்தித்தாளை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். எதிர்க் கட்டில் தாத்தா கண்ணாடியோடு கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கு அடுத்தவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாரும் நேற்றோ முந்தாநாளோ ஆபரேஷன் ஆனவர்கள். என்னைப் பார்த்ததும் கண்ணாடிகள் எல்லாம் தலையணைக்கு அடியில் போய்விட்டன. செய்தித்தாள்கார அம்மா அவசரத்தில் கண்ணாடியைக் கழற்றாமல் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"மைக்!" என்று கத்தினேன். அன்றைக்கு என் குரல்தான் தெருவுக்குக் கேட்டது.

அவள் ஓடி வந்தாள். வந்ததுமே அழ ஆரம்பித்துவிட்டாள்.

"எவ்வளவு நாளாடி நடக்குது இது?"

"ஆரம்பத்துலேர்ந்தேக்கா. நான் என்ன பண்ணுவேன்? டாக்டர்தானே வாரா வாரம் ஏன்னு கேளுங்க, ஏன்னு கேளுங்கன்னு சொன்னாங்க. என் ஆளுங்க சுவரைத் தடவித் தடவி முழிக்கறதைப் பார்த்து, ஏன் குடுக்கக் கூடாதுன்னு என்னையே கேட்டுக்கிட்டேன். பதில் வரல. குடுத்துட்டேன்."

"சரி, அதை எதுக்கு மறைச்சே?"

"தெரிஞ்சா டாக்டர் மனசு கஷ்டப்படுமேன்னுதான். இவங்க எல்லாருக்கும் அவங்க மேல உசுரு. அவங்களோ நீங்களோ வர்ற சத்தம் கேட்டா கழட்டி வெச்சிடணும்னு இவங்களாவே பேசி வெச்சிருக்காங்க. புதுசா வர்றவங்களுக்கும் பழைய ஆளுங்களே சொல்லிக் குடுத்துடறாங்க."

போர்வைக்குள்ளிருந்து அந்த அம்மா சொன்னாள்: "அந்த டாக்டர் பொண்ணு பரீட்சையில பாஸாகணும்னுதானேம்மா செஞ்சோம்."

என்ன சொல்லித் திட்டுவது? எனக்கே திட்டு வராத நாள் அது. மைக்கைக் கையைப் பிடித்துத் துணி அறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். விஷயத்தைக் கேட்டதும் ஏன் டாக்டர் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூட்டையில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அந்தத் தண்ணீர் எப்போது அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வருஷ உழைப்பு போய்விட்டது. இரண்டு வார்டிலும் கண்ணாடி கொடுத்துவிட்டு வித்தியாசம் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தோம்.

"யாருக்கும் தெரிய வேண்டாம் டாக்டர்" என்று மைக் கெஞ்சினாள். "போன வருஷத்தைவிட இந்த வருஷம் எல்லாரும் தெளிவாத்தானே இருக்காங்க? அதையே கூட்டத்துல சொல்லிடுங்க. ரூம் நமக்கே கிடைச்சிடும்."

"போன வருஷம் நாம யாரையும் எண்ணவே இல்லையே சிஸ்டர். தெரியாததைத் தெரியும்னு சொன்னா, 'எப்பவும் இப்படித்தான்'னு சொல்றதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

நானும் சொல்லிப் பார்த்தேன். எனக்கு அந்த அறை வேண்டும், அந்த வியாழக்கிழமை வேண்டும். அந்த ஒரு தடவை அவள் கொஞ்சம் பொய் சொன்னால்தான் என்ன என்று இருந்தது. அவள் மசியவில்லை.

கூட்டத்தில் எழுந்து நின்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். மைக்கின் பெயரை எடுக்கவே இல்லை. "பரிசோதனை கெட்டுப்போச்சு. எதுக்காக ரெண்டு வார்டும் வேற வேறயா இருக்கணும்னு நான் சரியா புரிய வெக்கல. எங்ககிட்ட பதில் இல்ல" என்றாள். பெரிய டாக்டர், "ஒரு வருஷம் டீ குடிச்சதுதான் மிச்சம்" என்றார். குழுவில் இரண்டு பேர் சிரித்தார்கள். மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டே அறையைத் திரும்பக் கேட்டார். அடுத்த வியாழக்கிழமை அங்கே விரிப்புகள் கூரை வரை அடுக்கியிருந்தன.

கொஞ்ச நாளில் அவளும் வேறு ஊருக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று கெட்டிலை என் கையில் கொடுத்தாள்.

"தோத்துட்டோம்க்கா."

"வாயை மூடுங்க டாக்டர்" என்றேன். சொல்லியிருக்க வேண்டியது எவ்வளவோ. அவள் போன பிறகு இரண்டு வார்டிலும் யாரும் கண்ணாடியைப் பூட்டவில்லை. அப்படி ஒரு உத்தரவும் யாரும் போடவில்லை. யாருக்கும் பூட்ட மனசு வரவில்லை, அவ்வளவுதான். சாவி என் இடுப்புக்கே திரும்பி வந்து சும்மா தொங்கி, பிறகு மேசை இழுப்பறைக்குப் போனது.

சாயங்காலம் அந்த இளம் நர்ஸ் மறுபடி வந்து சலைன் பாட்டிலை மாற்றிக்கொண்டிருந்தாள். நான் மகளிடம், "டாக்டருக்கு ஃபோன் போடு" என்றேன். அவளுக்கு எந்த டாக்டர் என்று சொல்ல வேண்டியதில்லை. வருஷத்தில் ஒரு தடவையாவது பேசிக்கொள்வோம். படுத்தபடி பேச வசதியாக ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா!" குரல் தளர்ந்திருந்தது. கூப்பிட்ட விதம் மாறவில்லை.

"இடுப்பை உடைச்சுக்கிட்டேன் டாக்டர்."

"ஐயய்யோ! எப்படி?"

"அதை விடுங்க. மேற்கு வார்டுல படுத்திருக்கேன். கண்ணு முழிக்கறதுக்குள்ள மூக்கு மேல கண்ணாடியை மாட்டிட்டாங்க. முதல் வேலையே அதுதான். கேக்குதா? தோத்துட்டோம்னு சொன்னீங்களே, கேக்குதா?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஓசை.

"ஏன் மாட்டினாங்கன்னு கேட்டீங்களாக்கா?"

"கேக்காம இருப்பேனா? எப்பவும் இப்படித்தானாம்."

அவள் சிரித்த சிரிப்பில் என் கட்டிலே அதிர்ந்தது. "கப்பைக் கழுவச் சொல்லுங்க! எல்லாக் கப்பையும்!" என்றாள். சிரித்து ஓய்ந்து, பழைய குரலில் மெதுவாகச் சொன்னாள். "ஆனா அக்கா, அது நம்ம ஆளுங்களுக்கு உண்மையிலேயே உதவுதான்னு நமக்கு இன்னும் தெரியாதே."

சலைன் குழாயைச் சரி செய்துகொண்டிருந்த கை நின்றது. இளம் நர்ஸ் என்னையும் ஃபோனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எதும்மா தெரியாது? கண்ணாடியா?"

"ஆமா. இங்க யாரும் கடைசி வரைக்கும் எண்ணிப் பார்க்கல" என்றேன் நான்.

அவள் நெற்றியைச் சுருக்கினாள். "அப்புறம் ஏன்மா மாட்டறோம்?"

மகளிடமிருந்து ஃபோனை வாங்கி அவளிடம் நீட்டினேன். "என்னைக் கேக்காதே. அவங்களைக் கேளு."

அவள் ஃபோனை வாங்கிக்கொண்டாள். "மேடம், நான் இந்த வார்டு நர்ஸ் பேசறேன், ஒரு சந்தேகம்" என்று ஆரம்பித்து, பேச்சு சுவாரஸ்யத்தில் என் கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். நோயாளியின் கட்டிலில் உட்கார்ந்த நர்ஸுகளை நான் அந்தக் காலத்தில் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறேன். இன்றைக்கு அவள் உட்கார வசதியாக என்னால் முடிந்த வரைக்கும் காலை ஒதுக்கிக்கொண்டேன்.